ஆளுக்கு நான்கரை, அனுப்பிய நிறுவனத்துக்கு ஒன்றரை

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் என்னிடம் இரண்டு விடைகள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் தங்கி அம்மாவைப் பார்த்துக்கொண்ட பெண்மணிக்கு நான்கரை. அவரை அனுப்பிவைத்து மாதாமாதம் பணம் வாங்கிய நிறுவனத்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையில் ஒன்று, அவரை அனுப்பியதற்காக. மீதி அரை, பில் மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் வந்ததற்காக. அந்தப் பெண்மணிக்கு அரை மதிப்பெண் ஏன் குறைந்தது என்றால், இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். வேறு குறை இல்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. வம்பு வேண்டாம் என்பது ஒரு காரணம். விசாரித்த மற்ற நிறுவனங்களின் ஒப்பந்தத் தாள்களும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான் இருந்தன என்பது இன்னொன்று. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறவர்களுக்கு இது பயன்படட்டும்.

அம்மாவுக்கு 82 வயது. பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் திருநெல்வேலி வாய் அப்படியே இருந்தது. சர்க்கரை உண்டு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஆள் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். எனக்கு 61 வயது, மனைவிக்கு முதுகு வலி, மகன் பெங்களூரில். ஆள் போட்டோம்.

நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் கிடையாது. நிறுவனம் கொடுத்த ஒப்பந்தம் நான்கு பக்கம். பதிவுக் கட்டணம் 3,000. ஒரு மாத முன்பணம். மாதம் 27,000, முதல் தேதியிலேயே கட்டிவிட வேண்டும். ஆள் விடுப்பில் போனால் 48 மணி நேரத்துக்குள் மாற்று ஆள். பொருள் காணாமல் போனால் நிறுவனம் பொறுப்பல்ல. ஆளை நேரடியாக வேலைக்கு வைத்துக்கொண்டால் இரண்டு மாதக் கட்டணம் அபராதம். இதெல்லாம் மூன்றே முக்கால் பக்கம். அந்த ஆள் செய்யப்போகும் வேலை என்ன என்பதற்கு ஒரே வரி: "நோயாளியின் அன்றாடத் தேவைகளைக் கவனித்தல்." எங்கள் அலுவலகத்தில் தபால் பையைக் கட்டுகிறவருக்குக்கூட இதைவிட விவரமான பணிக் குறிப்பு இருந்தது.

என் குறை முழுவதும் இந்த ஒரு வரியைப் பற்றித்தான். வேலை எழுதப்படாததால், நிறுவனம் யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். வீட்டார் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நடுவில் மாட்டிக்கொள்வது அந்தப் பெண்.

இத்தனைக்கும் எழுதிவைத்த பணிக் குறிப்பு நாட்டில் இல்லாமல் இல்லை. சுகாதாரத் துறைக்கான திறன் குழுமம் வீட்டுப் பராமரிப்பு உதவியாளருக்கென்றே தனித் தகுதித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. எண் எச்எஸ்எஸ்/க்யூ5102, தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தில் 4-ஆம் நிலை. குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, மலம் சிறுநீர் கழிக்க உதவுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, விழாமல் காப்பது, தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது, மாற்றம் தெரிந்தால் சொல்லவேண்டியவரிடம் சொல்வது என்று வேலைகள் அதில் பிரித்துப் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன. இக்னோ பல்கலைக்கழகத்திலும் வீட்டுப் பராமரிப்புக்கென்று ஒரு சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடம் இந்தத் தொகுப்பு எண்ணைச் சொல்லி, வரப்போகிறவர் இதைப் படித்தவரா என்று கேட்டேன். "எல்லாருமே டிரெயினிங் எடுத்தவர்கள் சார்" என்றார். என்ன பயிற்சி, எத்தனை நாள் என்ற அடுத்த கேள்விக்குத் தொடர்பு துண்டித்துவிட்டது.

முதலில் வந்தது ஒரு சின்னப் பெண். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. முந்தைய மாதம் வரை தி.நகரில் துணிக்கடையில் இருந்ததாக என் மனைவியிடம் சொன்னாள். நிறுவனத்தின் மாடியில் ஒரு பொம்மையை வைத்துப் படுக்கை விரிப்பு மாற்றக் கற்றுக்கொடுத்தார்களாம். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க அவள் பிடித்தது, விழுந்துபோன இடது கையை. பிடித்து இழுத்தாள். அம்மா கத்தியதில் கீழ் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

பக்கவாதத்தில் விழுந்த கையின் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தசையில் வலு இருக்காது. இழுத்தால் மூட்டு நழுவும். பிறகு மாதக்கணக்கில் வலி நிற்காது. இதைத் தெரியாத ஒருவரை "பக்கவாத நோயாளிக்கு அனுபவமுள்ளவர்" என்று அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒருவருடைய பாட்டியை ஒரு சீருடையை மட்டும் கொடுத்து அவள் கையில் ஒப்படைத்துவிட்டார்கள். இரவில் அவளும் அழுதாள். மறுநாள் காலையிலேயே வேறு ஆள் கேட்டுவிட்டேன்.

அடுத்து வந்தவர்தான் நான்கரை வாங்கியவர். வந்தவாசிப் பக்கம். நாற்பதைத் தாண்டியவர். அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத்தில் ஆயாவாக இருந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். சான்றிதழ் எதுவும் இல்லை. ஆனால் வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது?" இரண்டாவது, "முழுங்குகிறார்களா, புரை ஏறுகிறதா?" மூன்றாவது, "முதுகைப் பார்க்கலாமா?" மேற்பார்வையாளர் ஒருமுறைகூடக் கேட்காத கேள்விகள் இவை.

உடுத்துவதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு ரவிக்கை போடுவது எங்களுக்குப் பெரிய போராட்டமாக இருந்தது. இவர் முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொள ரவிக்கைகளைத் தைத்துவரச் சொன்னார். போடும்போது விழுந்த கை முதலில் உள்ளே போகும். கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வரும். விழுந்த கையை ஒருபோதும் மடக்கி நுழைக்க மாட்டார். தன் கையைச் சட்டைக் கைக்குள் வெளிப்புறமாக விட்டு, அம்மாவின் விரல்களைப் பிடித்து, துணியை மேலே ஏற்றிவிடுவார். அவ்வளவுதான். இரண்டு பேர் கூடிச் செய்ததை ஒருவராக, பேசிக்கொண்டே முடித்துவிடுவார்.

ஊட்டுவது இன்னும் கவனமான வேலை. பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர்தான் அதிக ஆபத்து. சட்டென்று ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கஞ்சி போலக் கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கும். நேராக உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல்லி, அரைக் கரண்டி. முழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகு அடுத்த அரைக் கரண்டி. நாங்கள் கண்டுபிடிக்காத ஒன்றை இவர் முதல் வேளையிலேயே கண்டுபிடித்தார்: இட்லித் துணுக்கு உணர்ச்சியற்ற இடது கன்னத்துக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. அம்மாவுக்கே தெரியாது. படுத்த பிறகு அது நழுவித் தொண்டைக்குப் போனால் புரை, அதன் பின் நெஞ்சுச் சளி, காய்ச்சல். ஒவ்வொரு வேளை முடிந்ததும் விரலில் மெல்லிய துணியைச் சுற்றி அந்தக் கன்னத்தைத் துழாவித் துடைத்துவிடுவார். சாப்பிட்டு அரை மணி நேரமாவது சாய்ந்த நிலையில் உட்காரவைக்காமல் படுக்க விடமாட்டார். "ஏ புள்ள, என்னை நிம்மதியாப் படுக்க விடமாட்டியா" என்று அம்மா திட்டுவாள். "திட்டுங்கள் பாட்டி, வாய்க்குப் பயிற்சி" என்பார் இவர்.

பிறகு தோல். படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கு இடுப்புக்குக் கீழ் முக்கோண எலும்பு, இரண்டு பக்க இடுப்பு, குதிகால், இங்கேதான் முதலில் புண் வரும். காலையில் துடைக்கும்போது ஒவ்வோர் இடமாகப் பார்ப்பார். ஒருநாள் இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு சிவப்பு. என்னைக் கூப்பிட்டு விரலால் அழுத்திக் காட்டினார். அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு சிவக்க வேண்டும். அது வெளுக்கவில்லை, சிவப்பாகவே நின்றது. அதுதான் புண்ணின் முதல் படியாம். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்கவிட்டார். எங்கள் அத்தை எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னாள். "தேய்த்தால் உள்ளே பிய்ந்துவிடும் அம்மா" என்று மறுத்துவிட்டார். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் ஒன்றை உறவினர் வாங்கி வந்தார். ஓட்டையைச் சுற்றி ரத்த ஓட்டம் அடைபடும் என்று அதையும் ஓரம் வைத்துவிட்டார். காற்றுப் படுக்கை இருந்தும் புரட்டுவதை நிறுத்தவில்லை. சில நாளில் அந்தச் சிவப்பு போய்விட்டது. பின்னால் பார்க்க வந்த மருத்துவர், "யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார். இவ்வளவு நாள் படுத்திருப்பவர் முதுகு இப்படி இருப்பது அபூர்வம் என்றார்.

படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை ஒருமுறை பார்த்தாலே தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று புரிந்துவிடும். நாற்காலி நல்ல பக்கம், அதாவது வலப்பக்கம், சற்றுச் சாய்வாக. பிரேக் போட்டாயிற்றா என்று காலால் ஒரு தட்டு. அம்மாவின் இடது முட்டி மடங்காதபடி தன் முட்டியை முட்டுக்கொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்து, "ஒன்று, இரண்டு, எழுந்திரு பாட்டி". அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே மாட்டார்.

இதையெல்லாம் அவர் ஒரு எண்பது பக்க நோட்டில் எழுதிவைத்தார். எவ்வளவு குடித்தார்கள், எத்தனை முறை சிறுநீர், மலம் போனதா, ரத்த அழுத்தம், குளூக்கோமீட்டரில் வந்த எண். ஐந்தாம் வகுப்புவரை படித்தவரின் எழுத்து. மருத்துவரிடம் அந்த நோட்டைத்தான் கொண்டு போவேன். நிறுவனத்துக்கோ ஒரு செயலி இருந்தது. அன்றாடப் பணிகள் முடிந்ததும் பச்சைக் குறி விழும் என்றார்கள். விழுந்தது. குழாயில் தண்ணீர் வராமல் லாரிக்குக் காத்திருந்த ஒரு நாள், காலை ஏழரை மணிக்கே "குளியல் முடிந்தது" என்று பச்சை. அந்தப் பெண்மணியின் கைப்பேசியிலோ அந்தச் செயலியே இல்லை. அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது ஊசி விவகாரம். பதிவு செய்யும்போது, "இன்சுலின், கதீட்டர், டிரிப்ஸ் எல்லாம் எங்கள் சிஸ்டரே பார்த்துக்கொள்வார்" என்றார் விற்பனைப் பையன். நர்ஸ் வேறு, உதவியாளர் வேறு. துணை நர்ஸ் படிப்பான ஏ.என்.எம். 2 ஆண்டு, பொது நர்சிங் படிப்பான ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு படித்து, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். குழுமத்துக்கு அடிப்படை 1926-ஆம் ஆண்டுச் சட்டம். சிறுநீர்க் குழாய் செருகுவதும் மூக்குக் குழாய் போடுவதும் நர்ஸ் வேலை. குழாய் போட்டபின் பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கவிடுவதும், நிரம்புவதற்குள் காலி செய்வதும், நிறம் மாறினால் சொல்வதும் உதவியாளர் வேலை. எங்கள் பெண்மணி இந்தக் கோட்டைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார். ஊசி போடச் சொன்னபோது, "எனக்குப் போடத் தெரியும் சார், ஆனால் போடமாட்டேன். நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். கற்றுக்கொண்டேன். எல்லாம் தெரியும் என்று தலையாட்டும் ஆளைவிட இப்படி மறுப்பவரை நம்பலாம்.

இனி நம் பக்கத்துக் கணக்கு. ஆள் வந்த வாரத்திலேயே உறவுக்காரர்கள் அவரிடம் காப்பி கேட்டார்கள். "இருபத்தேழாயிரம் கொடுக்கிறீர்கள், பாத்திரம் தேய்க்கக் கூடாதா?" என்று அத்தை கேட்டாள். என் மனைவிதான் ஒரே போடாகப் போட்டாள்: அம்மாவின் தட்டு, அம்மாவின் துணி, அம்மாவின் அறை, அம்மாவின் கஞ்சி. அதற்கு மேல் ஒரு டம்ளர்கூட அவர் கழுவ வேண்டாம். பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு ஓடிவந்து ஊட்டினால் கேடு அம்மாவுக்குத்தான் என்பது அத்தைக்குக் கடைசிவரை புரியவில்லை.

விளம்பரத்தில் "24 மணி நேர சேவை" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 24 மணி நேரம் விழித்திருக்கும் மனிதர் யாரும் இல்லை. இரவும் இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டும் என்றால் அவர் எப்போது தூங்குவார்? நிறுவனத்தைக் கேட்டேன்; "அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள் சார்" என்றார்கள். நாங்கள் வேறு மாதிரி வைத்துக்கொண்டோம். இரவு 11 முதல் காலை 5 வரை அவர் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். ஒரு மணிப் புரட்டலும் மூன்று மணிப் புரட்டலும் என்னுடையவை. அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்: குறுக்கே விரித்த துணியைப் பிடித்து உருட்டு, தோலைப் பிடித்து இழுக்காதே.

பணம். நான் கட்டியது 27,000. அவர் கைக்குப் போனது 17,500. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, வார விடுமுறை இல்லை. விடுப்பு எடுத்தால் அந்த நாள் சம்பளம் வெட்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போனார். 48 மணி நேரத்தில் வரவேண்டிய மாற்று ஆள் காணும் பொங்கலும் கழிந்த பிறகுதான் வந்தார். அந்த நாட்களுக்கு எனக்குக் கட்டணம் குறையவில்லை. கேட்டதற்கு, ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம் இரண்டாம் பத்தியைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன், அவர்கள் சொன்னது சரிதான், அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஓர் ஏற்பாடு, மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கான திருத்த மசோதாவில் இருந்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. சட்டம் ஆகவில்லை. ஆகியிருந்தால் அந்தச் சின்னப் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்பத் துணிந்திருப்பார்களா என்று தெரியாது. கேட்க ஓர் இடமாவது இருந்திருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும் தருவது என்றே நானும் எண்ணியிருந்தேன். படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருவதும் அதில் உண்டு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தோம். வந்த பிசியோதெரபிஸ்ட், தனியாரிடம் காசு கொடுத்துச் செய்த பயிற்சியைவிட அதிகமாக, எங்கள் பெண்மணிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். எல்லா நாளும் வரமாட்டார்கள். ஆள் போடுவதற்கு அது மாற்றாகாது. ஆனால் இலவசம், செய்வதும் ஒழுங்கு. முதியோருக்கான உதவி எண் 14567-ஐயும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் மூலம் ஆள் எடுக்கப்போகிறவர்கள், கையெழுத்துக்கு முன் அந்த ஆளிடமே தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். மேற்பார்வையாளர் நடுவில் வேண்டாம். இதற்கு முன் என்ன நோயாளியைப் பார்த்தீர்கள், எப்படிப் புரட்டினீர்கள் என்று கேட்டால் போதும். தெரிந்தவருக்குப் பேச்சு கொட்டும். வேலைகளை ஒரு தாளில் நீங்களே எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்து, நிறுவனத்தின் கையெழுத்தை வாங்குங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். ஆளின் கைக்கு எவ்வளவு போகும் என்பதையும் கேளுங்கள். பதில் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள்.

அம்மா இப்போது நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக் குளியலறைவரை போகிறாள். காலையில் மட்டும் தெருவிலேயே இருக்கும் ஒரு பெண் வந்து குளிக்க உதவுகிறார். வந்தவாசிப் பெண்மணி வேளச்சேரியில் ஒரு வீட்டில் இருக்கிறார். அவ்வப்போது அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டு வாங்கிக்கொள்கிறார், ஒலிபெருக்கியில்தான்.

சேவையை நிறுத்தியதும் 15 வேலை நாட்களில் முன்பணம் திரும்பும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அது எப்போதோ கடந்துவிட்டது. போன வாரம் நிறுவனத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டால் அடுத்த பதிவில் 500 ரூபாய் தள்ளுபடி. முன்பணத்தில் 500 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதி 26,500-ஐ அனுப்பிவையுங்கள், நட்சத்திரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.